ஏரியடியில் கிடந்த குண்டுவீச்சு விமானம்: மீட்டமைப்புப் பட்டறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நார்வேயின் இரண்டு ஏரிகளிலிருந்து இரண்டு ஹாலிஃபாக்ஸ் விமானங்களை வெளியே எடுத்திருக்கிறார்கள். இரண்டும் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய நான்கு என்ஜின் குண்டுவீச்சு ரகம். டபிள்யூ 1048 என்ற எண் கொண்டது 1942 ஏப்ரலில் ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கப் போன இடத்தில் அடிபட்டு, உறைந்து கிடந்த ஹோக்லிங்கன் ஏரியின் மேல் வயிறு பதிய இறங்கியது. பனி இளகியதும் மூழ்கிப்போனது. என்ஏ 337 என்ற மற்றொன்று 1945 ஏப்ரலில் நார்வே எதிர்ப்பு இயக்கத்தினருக்குத் தளவாடங்களைப் பாராசூட்டில் போட்டுவிட்டுத் திரும்புகையில் சுடப்பட்டு மியோசா ஏரியில் விழுந்தது. அதிலிருந்த ஆறு பேரில் வால் துப்பாக்கி வீரர் ஒருவர்தான் உயிர் பிழைத்தார்.

முதல் விமானத்தை 1973-இலும் இரண்டாவதை 1995-இலும் மேலே கொண்டுவந்தார்கள். இன்று லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனால் டபிள்யூ 1048 ஏரியிலிருந்து வந்த கோலத்திலேயே, கிழிந்த தகடும் வளைந்த விலாவுமாகக் கிடப்பதைப் பார்க்கலாம். என்ஏ 337-ஐயோ கனடாவின் ட்ரென்டன் நகரில் தன்னார்வலர்கள் பத்தாண்டு உழைத்து, 2005-இல் முழு விமானமாக நிறுத்திவிட்டார்கள்.

ஒரே ரகம், ஒரே நாட்டின் நன்னீர், ஆனால் இரண்டு அணிகளும் எடுத்த முடிவு நேரெதிர். என்னைக் கேட்டால் இரண்டும் சரியான முடிவுகளே. உடைந்த விமானத்தைக் கெடுப்பது எந்த முடிவும் எடுக்காமல் வேலையைத் தொடங்குவதுதான். அதனால் இந்த வழிகாட்டி ஸ்பேனரில் தொடங்கவில்லை.

எந்த நிலைக்கு மீட்பது என்று முதலில் எழுதி வையுங்கள்

மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, அழிவை நிறுத்தி, கிடைத்தபடியே பாதுகாப்பது. இரண்டாவது, காட்சிக்கு நிற்கும் அளவுக்குச் சீராக்குவது. மூன்றாவது, பறக்க வைப்பது. மூன்றாவதைக் கேட்டதும் எல்லோருக்கும் கண் விரியும். ஆனால் பறக்க வேண்டுமென்றால் பாரம் தாங்கும் உறுப்புகளில் 1940-களின் உலோகத்தை நம்ப முடியாது. ஸ்பார் (இறக்கையின் முதுகெலும்பான நீளச் சட்டம்), விலாக்கள், தகடு என்று பெரும்பாலானவற்றைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். கடைசியில் பழைய விமானம் அளவு பார்க்கும் மாதிரியாக மட்டும் மிஞ்சும்.

ஆறாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட ஹாலிஃபாக்ஸில் இன்று அருங்காட்சியகங்களில் பார்க்கக் கிடைப்பவை மூன்று. வெலிங்டன் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு ரகத்தில் 11,461 கட்டினார்கள், மிஞ்சியவை இரண்டு. ஜெர்மன் குண்டுவீச்சு விமானமான டோர்னியர் 17-இல் ஓரளவு முழுமையாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று. இத்தனை அரிதாகிவிட்ட ரகத்தில் பறக்கவைக்கும் ஆசையை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எந்த வழியானாலும் ஒரு பக்கத்தில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் ‘இந்தத் தகட்டை மாற்றிவிடலாமா?’ என்று கேட்கும்போது அந்தத் தாள்தான் பதில் சொல்லும்.

அனுமதி, அதற்கு முன் இறந்தவர்கள்

பிரிட்டனில் 1986-இன் ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, விழுந்த ராணுவ விமானம் எதையும் பாதுகாப்பு அமைச்சக உரிமம் இல்லாமல் தோண்டவோ நகர்த்தவோ கூடாது. மனித எச்சம் இருக்கலாம் என்றோ வெடிக்காத குண்டு இருக்கலாம் என்றோ சந்தேகம் வந்தால் பொதுவாக உரிமம் கிடைக்காது. அமெரிக்காவுக்கு மூழ்கிய ராணுவக் கலங்களுக்கென்று 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நிலம் யாருடையது என்பது வேறு கேள்வி, விமானம் யாருடையது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எலும்பு, பற்கள், அடையாளத் தகடு, பூட்ஸ் என்று எது கண்ணில் பட்டாலும் வேலை அங்கேயே நிற்க வேண்டும். 1997-இல் பெல்ஜியத்தின் சதுப்பு நிலத்திலிருந்து எல்டபிள்யூ 682 என்ற ஹாலிஃபாக்ஸைத் தோண்டியபோது காணாமல் போயிருந்த மூன்று கனடிய வீரர்களின் எச்சங்கள் கிடைத்தன. அவர்களை முழு ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். அந்த விமானத்தின் அலுமினியத்தில் ஒரு பகுதியை உருக்கி, லண்டன் கிரீன் பார்க்கில் 2012-இல் திறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படை நினைவிடத்தின் கூரைக்குப் பயன்படுத்தினார்கள். அந்தப் படையில் உயிரிழந்தவர்கள் 55,573 பேர். பட்டறையில் நாம் ‘பாகம்’ என்று பேசுகிற பல பொருட்கள் அவர்களில் யாரோ கடைசியாகத் தொட்டவை. புதிதாக வருபவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நம் பக்கத்திலும் இந்த வேலை முடிந்தபாடில்லை. அருணாசலப் பிரதேச மலைகளில் விழுந்த அமெரிக்க விமானங்களில் இன்னும் வீரர்களைத் தேடுகிறார்கள். 1944 ஜனவரியில் விழுந்த ஒரு பி-24 குண்டுவீச்சு விமானம் கிடந்த இடத்திலிருந்து மீட்ட எச்சங்களை 2016-இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அந்த மலைகளில் கிடைத்த சிதைவுகளை அருணாசலத்தின் பாசிகாட் நகரில் 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

கையை வைக்கும் முன் ஆபத்தைத் தேடுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாக இரண்டு முறை படியுங்கள்.

வெடிப்பவை: குண்டு இல்லாவிட்டாலும் தோட்டாப் பெட்டிகள், சமிக்ஞை வெடிகள், பேரொளித் தீப்பந்தங்கள் இருக்கும். எண்பது ஆண்டு நனைந்திருந்தாலும் அவை செத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெடிகுண்டு அகற்றும் பிரிவினர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகே சேற்றில் கைவிட வேண்டும்.

அழுத்தம் நிறைந்தவை: ஆக்ஸிஜன் சிலிண்டர், தீயணைப்புப் பாட்டில், எண்ணெய் அழுத்தத்தைச் சேமிக்கும் ஹைட்ராலிக் அக்யுமுலேட்டர், தரையிறங்கும் காலின் உள்ளே காற்று அடைத்த அதிர்ச்சித் தாங்கி. இந்தக் கடைசிப் பொருளை யோசிக்காமல் கழற்றினால் உள்ளிருக்கும் உருளை துப்பாக்கிக் குண்டு வேகத்தில் வெளியே வரும். பிரிட்டிஷ் விமானங்களின் என்ஜின் தீயணைப்பானில் இருந்தது மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு.

கதிர்வீச்சு: இரவில் தெரிவதற்காக மானிகளின் எண்களில் ரேடியம் கலந்த வண்ணம் பூசியிருப்பார்கள். இருட்டில் ஒளிரவில்லை, அதனால் சக்தி போய்விட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். ஒளிரும் துத்தநாகப் பொருள்தான் சிதைந்திருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு, அது அப்படியே இருக்கிறது. கண்ணாடி உடையாத மானியை நகர்த்துவதில் ஆபத்து குறைவு. உடைந்த மானியின் தூள் மூச்சில் போனால் எலும்பில் போய்த் தங்கும். கெய்கர் கருவியால் ஒவ்வொரு மானியையும் சோதியுங்கள். கருவி கதிர்வீச்சு காட்டும் மானியை இரட்டைப் பையில் மூடி, அடையாளச் சீட்டு ஒட்டி, காற்றோட்டமுள்ள தனிப் பெட்டியில் பூட்டுங்கள். மானியைத் திறந்து சுத்தம் செய்வது புதியவர் வேலை இல்லை.

மூச்சில் போகக்கூடாத மற்றவை: பிரேக்கிலும் புகைபோக்கி உறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, பழைய அடிப்பூச்சில் குரோமேட், போல்ட்டுகளின் முலாமில் காட்மியம். பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது.

தீ: மக்னீசியத் தூள் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடித்துப் பரவும். உலோகத் தீக்கான தூள் வாளி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கிரீன்லாந்தில் 1947-இல் இறங்கிய ‘கீ பேர்ட்’ என்ற பி-29 விமானத்தின் முடிவை எல்லாப் பட்டறையிலும் பேசுவார்கள். புது என்ஜின் மாட்டி, பறப்பதற்குத் தயாராக 1995 மே மாதம் பனிமேல் ஓட்டினார்கள். துணை மின்னாக்கிக்காக உள்ளே வைத்திருந்த எரிபொருள் கசிந்து பற்றி, கிட்டத்தட்ட முழு விமானமும் எரிந்துபோனது. மீட்டமைக்கும் விமானத்துக்குள் எரிபொருளும் தீப்பொறியும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது?

ஆழமான குளிர்ந்த நன்னீர் ஏரியில் உப்பு இல்லை, வெளிச்சம் இல்லை, அலை இல்லை. அதனால்தான் மியோசாவில் இருநூறு மீட்டருக்கும் கீழே ஐம்பது ஆண்டு கிடந்த விமானம் கட்டி நிறுத்தும் நிலையில் வந்தது. ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் 1940 டிசம்பர் 31 அன்று இறங்கி மூழ்கிய வெலிங்டன் என் 2980-ஐ 1985-இல் எடுத்தார்கள். அதன் வால் விளக்கை பேட்டரியில் இணைத்தபோது எரிந்தது.

கடல் வேறு கதை. ஜெர்மன் டோர்னியரை 2013 ஜூனில் ஆங்கிலக் கால்வாயின் குட்வின் மணல்திட்டிலிருந்து தூக்கினார்கள். உலோகத்தின் நுண்துளைகளுக்குள் கடல் உப்பின் குளோரைடு புகுந்திருந்தது. அதைக் காற்றில் காயவிட்டால் உப்பு உள்ளேயே படிகமாகி, ஈரம் பட்டபோதெல்லாம் அரிப்பு மீண்டும் கிளம்பும். ஆகவே இங்கிலாந்தின் காஸ்ஃபோர்டிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் பிளாஸ்டிக் கூடாரச் சுரங்கம் அமைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து மென்மையாக்கிய சிட்ரிக் அமிலக் கரைசலை மாதக்கணக்கில் தெளித்தார்கள். சிப்பியும் சுண்ணாம்புப் படிவும் இளகியது, குளோரைடும் வெளியேறியது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி: கடலிலிருந்து வந்த பாகம் சிகிச்சைக்குப் போகும்வரை ஒருபோதும் காயக் கூடாது. ஈரச் சாக்கால் மூடுங்கள் அல்லது நல்ல தண்ணீர்த் தொட்டியில் முக்குங்கள். கழுவும் நீரில் உப்பு இன்னும் வருகிறதா என்று பார்க்க, சிறிது எடுத்து ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும் சில சொட்டு சில்வர் நைட்ரேட்டும் விடுங்கள். பால்போல் கலங்கினால் குளோரைடு இருக்கிறது. கலங்கல் அடங்கும்வரை தாதுநீக்கிய தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாதங்கள் ஆகும். அவசரப்பட்டுக் கழிவறை ஆசிட்டையோ காரச் சோடாவையோ கலக்காதீர்கள். அலுமினியம் கடும் அமிலத்திலும் கரையும், கடும் காரத்திலும் கரையும்.

கழற்றும் முன் பதிவு

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண், ஒரு சீட்டு, குறைந்தது மூன்று புகைப்படம்: விமானத்தில் இருந்த இடம், முன்பக்கம், பின்பக்கம். படத்தில் அளவுகோல் தெரிய வேண்டும். எந்த போல்ட் எந்தத் துளையில் இருந்தது என்பதை அட்டையில் அந்தப் பாகத்தின் வடிவத்தை வரைந்து, அதே இடத்தில் குத்தி வைப்பது பழைய முறை. இன்றும் அதைவிட நல்ல முறை வரவில்லை.

சீட்டைக் கட்டுவதற்கு நைலான் நூல்தான். செப்புக் கம்பியும் இரும்புக் கம்பியும் ஈர அலுமினியத்தைத் தொட்டால் தொட்ட இடத்தை அரிக்கும். அதே காரணத்துக்காக, தகட்டில் நேரடியாகப் பென்சிலால் எழுதக் கூடாது. பென்சில் கரி ஈரம் சேர்ந்தால் அலுமினியத்துக்குப் பகை. பென்சில் எழுத்து சீட்டில் இருக்கட்டும்.

பாகத்திலேயே அடித்திருக்கும் எண்களைத் தேடுங்கள். ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் பாகமென்றால் பல சமயம் 300 என்று தொடங்கும் எண் இருக்கும், ஏனெனில் அதன் முதல் வடிவமைப்பின் எண் 300. பிரிட்டிஷ் மானிகளில் கிரீடச் சின்னமும் விமான அமைச்சகத்தைக் குறிக்கும் ‘ஏஎம்’ எழுத்தும் 6ஏ என்று தொடங்கும் கிடங்கு எண்ணும் காணலாம். பக்கத்தில் கடுகளவு வட்டத்துக்குள் ஆய்வாளர் முத்திரை இருக்கும். எண்ணைக் கொண்டு வரைபடத்தைத் தேடலாம், முத்திரையைக் கொண்டு எந்தத் தொழிற்சாலை என்று கண்டுபிடிக்கலாம். ஹாலிஃபாக்ஸை ஹாண்ட்லி பேஜ் நிறுவனம் மட்டும் கட்டவில்லை. லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தின் பட்டறைகளும் சேர்ந்து கட்டின. பேருந்தும் ரயிலும் பழுது பார்த்த கைகள் அடித்த ரிவெட்டுகள், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணிகள், அவை.

ரிவெட்டைக் கழற்றும் கை

புதியவர்கள் கூடுதல் நேரம் செலவழிப்பது இங்கேதான். ஒரு குண்டுவீச்சு விமானத்தில் ரிவெட்டுகள் லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு துளையும் ஆவணம். துளை கெட்டால் அந்தத் தகட்டை அதே இடத்தில் திரும்பப் பொருத்த முடியாது.

முதலில் தலையின் நடுவைக் கண்டுபிடித்து சென்டர் பஞ்சால் மெல்லத் தட்டுங்கள். பின்பக்கம் ஒருவர் மரக்கட்டையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அரித்த தகடு உள்வாங்கும். ரிவெட்டின் தண்டு எட்டில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 3.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதைவிடச் சற்று மெலிந்த டிரில் பிட்டைப் போடுங்கள். மெதுவான வேகம், தகட்டுக்கு நேர் செங்குத்து. தலையின் தடிமன் முடியும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த இடம் காதில் தெரியும், இரைச்சல் மாறும். பிட்டில் ஏறிவரும் சீவல் திடீரென்று குறையும். பிறகு அதே அளவுப் பஞ்சைத் துளையில் விட்டுச் சாய்த்தால் தலை சிறு சத்தத்துடன் உடைந்து வரும். மிச்சத் தண்டைப் பின்னே தாங்கல் வைத்து ஒரே தட்டில் வெளியே தள்ளுங்கள்.

டிரில் முழுத் தகட்டையும் துளைத்துக்கொண்டு போனால் வட்டத் துளை முட்டை வடிவாகும். அதற்கு அடுத்த அளவு பெரிய ரிவெட் போட வேண்டிவரும். பழகும்வரை விமானத்தைத் தொடாதீர்கள். பழைய அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து ஒட்டி, அவற்றைக் கழற்றிக் கழற்றிப் பழகுங்கள். வரிசையாக நூறு துளைகள் வட்டம் மாறாமல் வரும் நாளில் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள்.

இறுகிய போல்ட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெயும் பொறுமையும்தான் மருந்து. இன்று ஊற்றி, நாளை ஊற்றி, அடுத்த வாரம் திருப்புங்கள். கேஸ் சுடரை டியூராலுமின் என்ற விமான அலுமினியக் கலவையின் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. வெப்பம் பட்ட இடத்தில் அதன் பதம் போய்விடும், பார்வைக்கு எதுவும் தெரியாது. பிரிட்டிஷ் விமானத்துக்கு மெட்ரிக் ஸ்பேனர் பொருந்தாது, பிஎஸ்எஃப், பிஏ என்ற பழைய பிரிட்டிஷ் அளவுகளில் செட் வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று வேறு ஸ்பேனரைப் போட்டால் நட்டின் முனை மழுங்கி, ஒரு மணி நேர வேலை ஒரு வார வேலையாகும்.

சுத்தம் செய்தல்

மென்மையான பிரஷ், மரச் சுரண்டி, பிளாஸ்டிக் சுரண்டி, தண்ணீர், நடுநிலைச் சோப்பு. இவ்வளவுதான் தொடக்கக் கருவிகள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து புதிய அரிப்புப் புள்ளிகளை உண்டாக்கும். மணல் வீச்சு வேண்டவே வேண்டாம். பல விமானத் தகடுகளில் டியூராலுமினின் இரு பக்கமும் சுத்த அலுமினியத்தால் மெல்லிய தோல் ஒன்று இருக்கும். அரிப்பைத் தடுப்பது அந்தத் தோல்தான், அதை உரித்துவிட்டால் தகட்டுக்குக் காப்பு இல்லை.

சேற்றுக்கு அடியில் எழுத்து இருக்கலாம் என்று எப்போதும் எண்ணிக்கொள்ளுங்கள். ‘இங்கே மிதிக்காதே’ என்ற எச்சரிக்கை, எரிபொருளின் அளவு, படைப்பிரிவின் குறியெழுத்து எல்லாம் மெல்லிய வண்ணத்தில் எழுதியிருப்பார்கள். ஒரு ஓரத்தில் உள்ளங்கை அளவு மட்டும் சுத்தம் செய்து பாருங்கள். வண்ணம் கலங்கி பிரஷில் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற ‘மெம்ஃபிஸ் பெல்’ பி-17 விமானத்தை டேட்டனில் மீட்டமைத்தபோது, 1943-இல் ஊர் ஊராகக் காட்டிய சமயம் மக்கள் தகட்டில் கீறிவைத்த பெயர்கள் வெளிப்பட்டன. அவற்றை அழிக்காமல் காத்தார்கள். 2005-இல் தொடங்கிய வேலை 2018 மே மாதம்தான் முடிந்தது.

வைப்பதா, தாங்கல் கொடுப்பதா, மாற்றுவதா

மேசையில் வந்த ஒவ்வொரு பாகத்தையும் இந்த மூன்றில் ஒன்றில் சேர்க்க வேண்டும். மேற்பரப்பில் வெள்ளைப் பொடியும் ஊசித்துளையும் மட்டும் இருந்தால் அரிப்பைத் துடைத்து, காப்புப் பூச்சு கொடுத்து வைத்துக்கொள்ளலாம். கெட்ட அரிப்பு உள்ளுக்குள் படலம் படலமாகப் பிரிவது. தடித்த ஸ்பார் பட்டைகளில் அதிகம் வரும், நனைந்து காய்ந்த புத்தகத்தின் ஓரம்போல் உலோகம் உப்பி இதழாகப் பிரிந்து நிற்கும். அந்தப் பட்டை இனி பாரம் தாங்காது. காட்சி விமானமானால் அதை அப்படியே விட்டு, பார்வையில் படாத எஃகுத் தாங்கலைப் பக்கத்தில் வையுங்கள். புதுத் துண்டு போடுவதைவிட நான் எப்போதும் இதையே விரும்புவேன்.

புதுத் துண்டு தவிர்க்க முடியாதபோது, உள்பக்கம் செய்த ஆண்டை எண்ணடித்து வையுங்கள். பிற்காலத்தில் ஆராய வருபவர் 1942-இன் உலோகம் எது, நம் உலோகம் எது என்று குழம்பக் கூடாது. கழற்றிய பழைய துண்டையும் சீட்டோடு அலமாரியில் வைக்க வேண்டும். இரும்பு போல்ட், அலுமினியத் தகடு என்று இரு வேறு உலோகம் சேரும் இடத்தில் காப்புப் பசை தடவாமல் மூடாதீர்கள்.

புதிதாக அடிக்கும் ரிவெட்

ஒருவர் வெளியே காற்றுச் சுத்தியல், ஒருவர் உள்ளே எஃகுத் தாங்குகட்டை. இருவரும் பேசிப் பழகிய பிறகே தொடங்க வேண்டும். இரைச்சலில் சொல் கேட்காது, தட்டும் சைகைதான் மொழி: சரி என்றால் ஒரு தட்டு, இன்னும் என்றால் இரண்டு, மோசம் என்றால் மூன்று என்று உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரிவெட்டின் நீளம் சேரும் தகடுகளின் மொத்தத் தடிமனும் தண்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கும் சேர்ந்தது. அடித்து முடிந்ததும் பின்னால் உருவாகும் தலை விட்டத்தின் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு அது சுமார் 4.8 அகலம், 1.6 உயரம். தலை சாய்ந்தாலோ தகடுகளுக்கு நடுவே உலோகம் பிதுங்கினாலோ கழற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். சில உலோகக் கலவை ரிவெட்டுகளைச் சூடாக்கிக் குளிரவைத்த சிறிது நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும், அல்லது உறைகுளிரில் வைத்திருந்து எடுக்க வேண்டும். நேரம் தாண்டினால் இறுகி, அடிக்கும்போது வெடிப்பு விடும். பட்டறைப் பெட்டியில் இருக்கிற எல்லா ரிவெட்டும் ஒன்று என்று நினைக்காதீர்கள்.

வெலிங்டனுக்கு இந்தப் பாடம் பாதிதான் பொருந்தும். பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த அதன் உடல், குறுக்கும் நெடுக்கும் பின்னிய உலோகச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் என் 2980-ஐ மீட்டவர்கள் துணியை முழுதும் போர்த்தாமல், அந்தப் பின்னலைப் பார்க்கும்படி விட்டிருக்கிறார்கள். நல்ல முடிவு என்பேன்.

இல்லாத பாகத்துக்கு எங்கே போவது

இங்கிலாந்தின் எல்விங்டனில் நிற்கும் ஹாலிஃபாக்ஸின் உடற்பகுதியில் ஒரு துண்டு, ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கோழிக்கூண்டாக இருந்தது. இறக்கைகள் அதே நிறுவனத்தின் ஹேஸ்டிங்ஸ் என்ற பிற்கால விமானத்திலிருந்து வந்தவை. இப்படிக் கூட்டிச் சேர்த்த விமானத்துக்கு ஒரே நேர்மை, எது எங்கிருந்து வந்தது என்று பார்வையாளருக்கு வெளிப்படையாக எழுதி வைப்பது.

சேர்த்துக் கட்டும் வேலையில் இந்தியாவுக்கும் பெயர் உண்டு. போர் முடிந்து பிரிட்டிஷ் படை கிளம்பும்போது கான்பூரில் பி-24 லிபரேட்டர் விமானங்களைப் பயன்படாதபடி சேதப்படுத்திக் குவித்துவிட்டுப் போனது. பெங்களூரின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் அந்தக் குவியலில் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் மாட்டி, பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிப்போய்ச் சீராக்கினார்கள். 1948-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்த அந்த விமானங்கள் 1968 வரை பறந்தன. இன்று உலக அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் பல, இந்தியாவில் மறுபிறவி எடுத்தவை. இதைத் தமிழில் இன்னும் விரிவாக யாராவது எழுத வேண்டும்.

எங்கே தொடங்குவது

கனடாவில் இருப்பவர்களுக்கு ட்ரென்டன் டொரோன்டோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம். மேற்கே ஆல்பர்ட்டாவின் நான்டனில் குண்டுவீச்சுப் படைக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. இங்கிலாந்தில் எல்விங்டன், புரூக்லாண்ட்ஸ், லிங்கன்ஷயரின் ஈஸ்ட் கிர்க்பி. ஈஸ்ட் கிர்க்பியில் ‘ஜஸ்ட் ஜேன்’ என்ற லங்காஸ்டர் ரகக் குண்டுவீச்சு விமானத்தை மீண்டும் பறக்க வைக்க வேலை செய்கிறார்கள். ஹெண்டனில் டபிள்யூ 1048-ஐப் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது. தன்னார்வலர் தேவையா என்று எழுதிக் கேளுங்கள். விமானம் தெரியாது என்று தயங்க வேண்டாம். லேத், வெல்டிங், தச்சு, தையல், புகைப்படம், கணக்குப் பதிவு என்று கைவசம் இருக்கும் தொழிலைக் குறிப்பிடுங்கள். தையல் தெரிந்தவருக்கு இறக்கைத் துணி வேலை காத்திருக்கிறது.

முதல் நாள் முழுக்கை பருத்திச் சட்டை, எஃகு முனை பூட்ஸ், பாதுகாப்புக் கண்ணாடி. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும். கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிழிந்த தகட்டின் ஓரம் சவர பிளேடுக்குச் சமம். பெரும்பாலும் நட்டு, போல்ட்டுகளைக் கழுவி அளவுவாரியாகப் பிரிக்கும் வேலைதான் முதலில் தருவார்கள். பிரிக்கும் முன், அவை எந்தச் சீட்டோடு வந்தன என்று கேட்டு, அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பையைத் திறங்கள்.